விமானத்தின் வாலில் கைவைத்தவர்கள்

எட்மண்டனில் எங்கள் வீட்டுக் கராஜில் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாகங்கள் பெட்டி பெட்டியாய் வந்துவிடும்; பொருத்துவது நம் பாடு. உதவிக்கு மனைவியின் தம்பி வருவான். பாரிஸிலிருந்து வந்து இங்கே குளிர்ப்பெட்டி திருத்துகிறவன், நாற்பது தாண்டிய ஆள்.

தகடுகளை ரிவெட் ஆணியால் பிணைக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் கன்னை அழுத்த, மற்றவர் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். கன் எப்போதும் என்னிடம்தான். அக்காவின் கணவன் நிற்கும்போது அவன் எப்படிக் கேட்பான்?

வாலுக்கு ரிவெட் அடித்து முடித்த கிழமையிலிருந்து மச்சானின் முகம் சரியில்லை. பறக்க அனுமதி கிடைத்ததும் முதலில் நீதான் என் பக்கத்தில் ஏற வேண்டும் என்றேன். அன்றைக்கு வேலை இருக்கும் என்றான். தேதியே தெரியாத நாளில் இவனுக்கு என்ன வேலை?

பிறகு ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டது. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது, ரிவெட் கன்னுக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸர் சூடாக இருக்கும். கூட்டிவிட்டுப் போன தரையில் புது அலுமினியத் துகள் கிடக்கும். அக்காவும் தம்பியும் குசினியில் குசுகுசுப்பார்கள். நான் நுழைந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். விமானமே வேண்டாம் என்று முதல் நாள் சண்டை பிடித்தவள் அவள். இருவரும் சேர்ந்து அதைக் கெடுக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். விழுந்தால் சாகப்போவது நான். சொந்த வீட்டிலேயே பயமாக இருந்தது.

சனிக்கிழமை பரிசோதகர் வர இருந்தார். புதனன்று ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கராஜ் கதவைத் திறந்தேன். மச்சான் வாலுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான். மனைவி ரிவெட் கன்னோடு நின்றாள்.

என்ன நடக்கிறது என்று கத்தினேன். மச்சான் டோர்ச்சையும் சிறு கண்ணாடியையும் நீட்டினான். உள்ளே பார்த்தேன். நான்கு ரிவெட்டுகள் புதிதாய், ஒழுங்காய் இருந்தன. பக்கத்தில் மூன்று மடிந்து கிடந்தன.

“நான் கட்டையை வைக்க முந்தியே நீங்கள் அமத்திப்போட்டியள், அத்தான்,” என்றான் நிலத்தைப் பார்த்தபடி. “உங்களுக்குப் பிழை சொல்ல எனக்கு ஏலுமோ?”

வெட்கத்தில் காது சுட்டது. மிச்ச மூன்றையும் நானே அடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். மனைவி கன்னைத் தரவில்லை.

“நீங்கள் வாலுக்குள்ளை கட்டையைப் பிடியுங்கோ,” என்றாள். “நீங்கள் ஓம் எண்டு சொன்னாப்பிறகுதான் நான் அமத்துவன்.”