எரியாத பல்பும் மஸ்கட் கம்பெனியும்

திருநள்ளாற்றுச் சுற்றுவட்டாரத்தில் மருதையன் கைபடாத சுவிட்சுப் பெட்டி அபூர்வம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒரு கான்ட்ராக்டரிடம் பத்து வருஷம் ஒயர் இழுத்து, பரீட்சை எழுதி வயர்மேன் லைசென்ஸ் வாங்கியவர். மேலத்தெருவில் இருபத்தாறு வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர். அவர் வீட்டில் மட்டும் சிம்னி விளக்கு. அவர் குடியிருந்த காலனிக்கு மின்கம்பம் வரவில்லை. எண்பதாம் வருஷம் மனுக் கொடுத்தார். சனி ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குப் போக இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்கிறதாம். அதற்கு லட்சம் பேர் வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். மருதையனின் மனு ஒரு மேஜையை விட்டு அடுத்த மேஜைக்குப் போக ஆறு வருஷம் போதவில்லை. அதற்காக யாரும் குளிக்கவில்லை.

எண்பத்தாறில் மஸ்கட் கம்பெனி ஒன்று எலக்ட்ரீஷியன் கேட்டது. திருமலைராயன்பட்டினத்து ஏஜெண்ட் நூகு ஆள் அனுப்பி மருதையனைக் கூப்பிட்டார்.

"போலி சர்டிபிகேட்டைப் பாத்துப் பாத்து அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு மருதையா. இப்ப வீடியோ கேக்குறாங்க. ஒரு வீட்டுக்குள்ள நின்னு நீ ஒயரிங் பண்ணணும், பல்பு எரியணும், பேரு ஊரு அனுபவம் எல்லாத்தையும் வாயால சொல்லணும். வெள்ளிக்கிழமை கேசட்டு என் கையில இருக்கணும்."

நாற்பது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். மருதையனுக்கு நாற்பது ஆக மூன்று மாதம் இருந்தது. இதை விட்டால் இன்னொரு கம்பெனி வரும். வயது திரும்பி வராது.

மேலத்தெரு மிராசுதார் சுப்ராயனிடம் போய்க் கேட்டார். அந்த வீட்டின் நாற்பது பாயிண்டும் மருதையன் போட்டவை.

"கொல்லையில எடுத்துக்கடா, நான் வேணாங்கலை" என்றார் சுப்ராயன். தாராள மனசு.

"கொல்லையில மாட்டுக்கொட்டாய்தாங்க இருக்கு. கூடத்துல ஒரு அரைமணி நேரம்…"

"கூடத்துலயா?"

"ஒயரிங் பண்ணப்ப பதினஞ்சு நாளு கூடத்துலதாங்க நின்னேன்."

"அது வேலைக்கு நின்னது. இது சும்மா நிக்கிறது. ரெண்டும் ஒண்ணாடா?"

எவன் இழுத்த கம்பி என்று கேட்காமலே மின்சாரம் பாய்கிறது. அந்த அளவு அறிவை மிராசுதாரிடம் எதிர்பார்ப்பது பேராசைதான்.

வியாழக்கிழமை காலையில் வீடியோக்காரர் தாவூது காமிராவைத் தூக்கிக்கொண்டு காலனிக்கு வந்தார். கல்யாணம் தவிர வேறெதையும் எடுத்தறியாதவர். மருதையன் வீட்டுக்குள்ளே இருட்டாக இருந்ததால் கூரையில் நாலு கீற்றைப் பிரித்துச் சூரியனை இறக்கினார்கள். அதற்கு மனு எழுத வேண்டியிருக்கவில்லை.

"மாப்ளே, கொஞ்சம் சிரிங்க. பொண்ணு பக்கத்துல வந்து நிக்கட்டும்" என்றார் தாவூது, பழக்க தோஷத்தில்.

"மூணு புள்ள பெத்தாச்சு, இன்னும் மாப்ளயா?" என்று காசியம்மா புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

மருதையன் பலகை அடித்தார், பைப் ஓட்டினார், ஃபியூஸ் கட்டி, வாசலில் பள்ளம் தோண்டி எர்த் கம்பி புதைத்தார். வராத மின்சாரத்துக்கு இவ்வளவு மரியாதை எந்த மாளிகையிலும் நடந்திருக்காது. கடைசியில் பல்பை மாட்டினார்.

"மதகடிக் கம்பத்துலேருந்து ஒரு கொக்கி போட்டுக்குங்களேன். அஞ்சு நிமிஷம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் தாவூது.

"நான் லைசென்ஸ் வச்சிருக்கிறவன் பாய். திருடத் தெரியும்னு காட்டியா வேலை கேக்கிறது?"

"அப்ப பல்பு?"

"எரியாது. நீங்க எடுங்க."

சுவிட்சைப் போட்டார். பல்பு அப்படியே இருந்தது. காமிராவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "என் பேரு மருதையன். பதினெட்டு வருஷ அனுபவம். இந்த ஒயரிங்குல தப்பு இல்ல, யாரு வேணும்னாலும் வந்து சோதிக்கலாம். கம்பம் இருநூறு அடி தள்ளி நிக்கிது. ஆறு வருஷமா மனுக் குடுத்திருக்கேன். கம்பம் வந்தா பல்பு எரியும்."

"கல்யாணத்துல வந்து எழவு சேதி சொன்னமாரி இருக்கு" என்றாள் காசியம்மா.

நூகு கேசட்டைப் போட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "வேலை கேக்கச் சொன்னா, புகார் குடுத்திருக்கியேப்பா!" மறுபடி எடுக்க நாள் இல்லை. அப்படியே அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நூகு படித்துச் சொன்னார்: "ஆளு தேவலாம், வேலை சுத்தமா இருக்குங்கிறாங்க. ஆனா ஒரு கேள்வி. வீட்டுக்கே கரண்ட் இல்லாத மனுசன் பதினெட்டு வருஷம் எங்க வேலை பாத்தான்னு கேக்குறாங்க."

"அடுத்தவங்க வீட்டுலன்னு எழுதுங்க. இனிமேலும் அங்கதானேன்னு சேத்து எழுதுங்க."

"அடுத்தவங்க வீடுன்னா அட்ரஸ் கேப்பாங்க, கையெழுத்துக் கேப்பாங்க. உங்க மிராசுதாரு போடுவாரா? சொந்தக்காரங்கன்னா கேக்கமாட்டாங்க." நூகு பேனாவைத் திறந்து, 'உறவினர் வீடுகளில்' என்று எழுதி உறையை ஒட்டினார்.

அந்த ஒரு வரியில் சுப்ராயன் உட்பட மேலத்தெரு முழுவதும் மருதையனுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பதினெட்டாம் நாள் விசா வந்தது. தங்கள் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போகிறான் என்று உறவினர்களில் ஒருவரும் வழியனுப்ப வரவில்லை.