போர்ட்டிகோவுக்குக் கீழே கால்வாய்

மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. விருதுநகர் பக்கத்தில் பிறந்தவன். தண்ணீர் வேண்டும் என்று எழுதித்தான் பழக்கம். மேனாம்பேடு என்ற ஏரியோர ஊரில் வீடு வாங்கிய பிறகு தண்ணீர் வேண்டாம் என்று எழுத வேண்டியதாயிற்று. ஏரி நிரம்பினால் உபரிநீர் போகும் கால்வாய் ஒன்று எங்கள் தெரு வழியாக ஓடியதாகப் பழைய வரைபடத்தில் இருக்கிறது, அதை யாரோ மூடிவிட்டார்கள், கண்டுபிடித்துத் தோண்டித் தர வேண்டும் என்று மூன்று வருடம் விடாமல் எழுதினேன். ஒரு மனுவில் ‘சுயநல ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றுகூட எழுதினேன்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நான் வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்தியும் ஒரு வருடம் உள்ளே வந்து பிரிட்ஜைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆனால் மழை விட்ட நாலைந்து மணி நேரத்தில் எங்கள் தெருவில் மட்டும் வடிந்துவிடும். அடுத்த தெருவில் மூன்று நாள் நிற்கும். எங்கள் தெருவின் வாட்டம், தரைச் சரிவு, அப்படி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஒரு ஆவணி மாதக் காலையில் சர்வேயர் வந்தார். தெருமுனைச் சிறுபாலத்திலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே வந்தார். நான் குடை பிடிக்காத குறையாகக் கூடவே நடந்தேன். அவர் நேராக என் வீட்டு கேட்டைத் திறந்து, போர்ட்டிகோவில் நின்ற என் காருக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“இங்கதான் சார் போவுது.”

“எது?”

“நீங்க கேட்ட கால்வாய்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வரைபடமே தப்பு என்று கத்தினேன். டேப் தொய்ந்துவிட்டது என்றேன். அவர் பொறுமையாக, “மனுவுல இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?” என்று கேட்டார்.

அவர் போட்ட கோடு சரி. நான் அந்த வீட்டை வாங்கியது ஒரு சித்திரையில். பக்கவாட்டில் ஒரு காய்ந்த பள்ளம், அதில் பாலித்தீன் பைகள், ஒற்றைச் செருப்பு. சாக்கடை என்று நினைத்தேன். இரண்டு லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுக் காரை நிறுத்திவிட்டேன். கால்வாய் என்றால் இரண்டு பக்கமும் கரையோடு அகலமாக இருக்கும் என்பது என் எண்ணம். வெயில் காலத்தில் மனை பார்க்க வரும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் எல்லாமே மேட்டு நிலமாகத்தான் தெரியும்.

தாலுகா அலுவலகத்தில், நானே ஒப்புக்கொண்டு இடிக்க விட்டால் மழைக்கு முன்னால் வேலை முடியும், வழக்கு வாய்தா என்று போனால் அடுத்த வருடம்தான் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் வக்கீல் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீடு பால்காரம்மாவுடையது. இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போக, வீடும் ஒரு கொட்டகையும் மூன்று மாடும் மிஞ்சியிருந்தன. அங்கே கால்வாயே இருந்ததில்லை என்று எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்ல வைக்கலாம் என்று மறுநாள் அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கொட்டகையின் பின்சுவரில், தரையை ஒட்டி ஏழெட்டுச் செங்கல் பூச்சில்லாமல் சும்மா செருகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் மூடாமல் விட்ட மிச்சக் கால்வாய்.

“என்னம்மா, கல்லெல்லாம் பெயர்ந்து கெடக்கு?”

“பேரல சார். மய வந்தா நான்தான் உருவி வுட்ருவேன். தெருத் தண்ணி நம்ம ஊட்டுக்குள்ள பூந்து இப்டிக்கா போயிடும். இல்லாங்காட்டி உங்க ஊடெல்லாம் இன்னாத்துக்கு ஆவும்?”

“மாடு?”

“தண்ணிலதான் நிக்கும். இன்னா பண்றது? இந்தச் செவல செனையா கீது. ஐப்பசில கன்னு போடும். அதான் இந்த வாட்டி பயமா கீது.”

எங்கள் தெருவின் வாட்டம் என்று நான் நினைத்தது அந்த ஏழெட்டுக் கல்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேனே சார். நீங்க லாரில மண்ணு கொட்டிகினு இருந்தப்பவே, இது தண்ணி போற எடம்னேன். எந்தத் தண்ணின்னு கேட்டு சிரிச்சீங்க.”

சிரித்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொக்லைன் வந்து போர்ட்டிகோவை உடைத்தது. நான் கொட்டிய இடிபாடு முழுவதும் வெளியே வந்தது. அதற்கும் கீழே, சிறுபாலத்துக்கு நேராக, கருங்கல் பதித்த பழைய தரை அப்படியே இருந்தது. கால்வாய்க் கரையைப் பூசிய கொத்தனார் மீத்து வைத்த அரை மூட்டைச் சிமெண்டைப் பால்காரம்மா வீட்டுக்கு எடுத்துப் போனேன். சுவரைப் பூசிவிடலாம் என்றேன்.

“இருக்கட்டும் சார். ஒரு மய பாத்துக்கலாம்” என்றார். என் வார்த்தையை அவர் நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. மூட்டையை அவர் வீட்டிலேயே விட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை பெய்தது. என் கார் நின்ற இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். தரை காய்ந்து கிடந்தது. வைக்கோல் மேல் ஒரு கன்று. செவலை அதை நக்கிக்கொண்டிருந்தது.

பால்காரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “பன்னிரண்டு வருஷம் எங்க தண்ணியெல்லாம் நீங்க வாங்கிக்கிட்டீங்கம்மா” என்றேன். அவர் உள்ளே போய்ச் சிமெண்ட் மூட்டையை இழுத்து வந்தார்.

கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பவில்லை. நானே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வைத்துப் பூசினேன். கடைசிக் கல்லைப் பால்காரம்மா எடுத்துக் கொடுத்தார். பூச்சு கோணல்மாணலாக இருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, “நீங்க மனுவே எய்துங்க சார்” என்று சிரித்தார்.