நின்று சாப்பிடும் பலகை

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மரப்பட்டறை. அதை ஒட்டி என் வீடு. அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை என் கை படாத இடம் அதில் இல்லை. ஈப்போவில் மேசை நாற்காலி விற்கும் கடை. இப்போது அதை மகள் பார்த்துக்கொள்கிறாள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம். அரசாங்கம் போடும் என்று ஊரே காத்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருவனாகப் போட்டது. இன்றும் அதில் மோட்டார்சைக்கிள்கள் ஓடுகின்றன.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்த நாளில் என் கையில் இருந்தது மரம் அறுக்கும் வாள் ஒன்று, ஓர் உளி, இரவல் மோட்டார்சைக்கிள். அவ்வளவுதான். "இவன் எங்க உருப்படப் போறான்" என்று அன்று சொன்னவர்கள் இன்று படுத்துத் தூங்கும் கட்டில் என் பட்டறையில் செய்தது.

இத்தனையிலும் பெரியது என்று நான் நினைப்பது ஒரு பலகையை. அதைத்தான் யாரோ நேற்றுக் கண்டுபிடித்ததைப்போல் இப்போது பேசுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் எங்கள் பழைய தோட்டத்தின் வழியாகத்தான் போகவேண்டும். பழைய சாலையில் பாதி தூரம் வந்தால் முன்பு எங்கள் தோட்டத்து வாசல் இருந்த இடம். தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டது. தோட்டத்துக் கோயில் மட்டும் நிற்கிறது. அதன் முன்னால்தான் நானும் மனைவியும் முதன்முதலில் பந்தல் போட்டோம்.

விருந்து என்றால் நமக்கு என்ன தெரியும்? பாய் விரித்து, இலை போட்டு, உட்கார வைத்துப் பரிமாறுவது. அப்படியே செய்தோம். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். வெயிலில் வந்தவர்கள் பாயில் சரிந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, வாய் நிறைய வாழ்த்தினார்கள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார்கள். எங்கே எழ? நடந்து சூடேறிய கால் உட்கார்ந்ததும் இறுகிப்போனது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, பாதம் வீங்கிவிட்டது. மகன் நோயிலிருந்து பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டு நடந்த ஓர் அம்மா இலைக்கு முன்னாலேயே அழுதார். அவரை வேனில் ஏற்றித்தான் ஈப்போ கோயிலுக்கு அனுப்ப முடிந்தது. ஏறும்போதும், "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

அன்றைக்கு அண்டா கழுவிக்கொண்டிருந்த மனைவிதான் சொன்னாள். "உக்கார வச்சதுதாங்க கெடுத்துச்சு. ரப்பர் மரத்துல பால் வெட்டப் போன காலத்துல வேல முடியிறவரைக்கும் நாங்க யாராச்சும் உக்காந்தோமா? உக்காந்தா எந்திரிக்க முடியாதுலா."

சொன்னது அவள். செய்தது நான். இரண்டையும் நான் மறைக்கவில்லை.

லயம் இடித்தபோது வெளியே வீசிய செங்கால் மரத் தூண்களைப் பட்டறையில் போட்டு வைத்திருந்தேன். இரும்பு மாதிரி மரம். வெயிலும் மழையும் தின்னாது. அதை அறுத்து, இழைத்து, சாலையோரமாக நீளப் பலகை ஒன்று அடித்தேன். முழங்கையை ஊன்றி நின்றுகொண்டே சாப்பிடும் உயரம். குட்டையானவர்களுக்காக ஒரு முனையில் சற்றுத் தாழ்வு. கிண்ணம் வழுக்காமல் ஓரத்தில் சட்டம். ஒரு கால் மாற்றி ஒரு கால் தூக்கி வைக்கக் கீழே ஒரு கட்டை. நிற்கும் இடத்தில் மணல் கொட்டி, அதன்மேல் நனைத்த சாக்கு. சாம்பாரையும் பாயசத்தையும் நிறுத்தினேன். உப்புப் போட்ட கஞ்சி, பச்சைப்பயறு, எலுமிச்சை ஊறுகாய், மோர், ஒரு வாழைப்பழம். நடக்கிறவனுக்கு அது போதும்.

சும்மா விடுவார்களா? அடுத்த தைப்பூசத்தில் காவடிக் கூட்டத்தோடு வந்த ஒருவர் கிண்ணத்தைத் தட்டென்று வைத்தார்.

"ஏண்ணே, சோறு போடுறவன் உக்கார எடம் குடுக்க மாட்டானா? நாங்க என்ன பிச்சக்காரங்களா?"

"உக்காருறதுன்னா ஈப்போ கோயில்ல போய் உக்காருங்கண்ணே. இங்க உக்காந்தா வேன்லதான் போகணும்."

சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் பந்தலுக்கு ஐஸ்கட்டியும், தண்ணீர் நிரப்பிய பீப்பாய்த் தோம்புகளும் தருபவர். கிண்டலையும் இலவசமாகத் தருவார்.

"நாற்காலி வித்துப் பொழைக்கிறவரு, விருந்தாளிக்கு மட்டும் நாற்காலி இல்லங்கிறாரு. குதிரைக்குத் தீனி காட்டுற மாதிரில்ல இருக்கு!"

"குதிரதாண்ணே போய்ச் சேரும். உங்க கடையில உக்காந்திருக்கிறவன் சாயங்காலம் வரைக்கும் எந்திரிச்சானா?"

அவர் கடையே சிரித்தது. ஆனால் அந்த வருடம் எங்கள் பலகையில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் நடந்தே போனார்கள். அதற்கப்புறம் வந்த வருடங்களில் வழியெல்லாம் "நிக்கிற பந்தல் எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அது என் உழைப்பு. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் பின்வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகம் பெரிய மண்டபம் கட்டியது. நல்ல மண்டபம்தான். பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதிலும் குறை சொல்லமாட்டேன். தலைவர் டயர் கடை நடத்துபவர், என்னைவிட இளையவர், ஓடியாடி வேலை செய்கிற மனிதர். கூட்டத்தில் அவர் சொன்னார்:

"அண்ணே, மண்டபம் வந்திருச்சு, மேல காத்தாடி சுத்துது. இனிமே சாலையோரத்துல நிக்க வச்சா நமக்குத்தான் அசிங்கம். மேச போட்டு, துணி விரிச்சு, மரியாதயா உக்கார வைப்போம்."

"கால் புடிச்சுக்கும்லா" என்றேன்.

"அந்தக் காலம் வேறண்ணே."

"காலம் வேற. கால் அதேதான்."

சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என் கை மட்டும். பலகையைக் கழற்றி மண்டபத்துக்குப் பின்னால் சாய்த்தார்கள். நான் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. வேறு யாருக்காகவும் இல்லை, நடக்கிறவர்களுக்காக வழக்கம்போல் கஞ்சி அண்டாவை இறக்கினேன்.

போன தைப்பூசத்தில் தலைவரும் முதல் முறையாக நடந்தார். மனைவிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்த்திக்கடன். காலையில் அவர் மண்டபத்துக்குள் வந்தபோது நிர்வாகமே எழுந்து நின்றது. காத்தாடிக்கு நேராக நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார், சாப்பிட்டார். அப்புறம் கையை மேசையில் ஊன்றினார், மறுபடி ஊன்றினார். முகம் மாறியது. என்னைத் தேடினார்.

"அண்ணே... கால் நகர மாட்டேங்குது."

சுற்றிலும் பார்த்தேன். அவரைப்போலவே பலர் நாற்காலியில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே வேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான் ஒருவன். நான் எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அண்ணே, தோம்ப உருட்டுங்க! பலகை ஏறப்போகுது!"

நண்பர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். தண்ணீர் நிறைந்த தோம்புகளை நிறுத்தி, அவற்றின்மேல் என் செங்கால் பலகையைத் தூக்கி வைத்தோம். மனைவி சாக்கை நனைத்துப் போட்டாள். தலைவரை இருபுறமும் தாங்கிக் கொண்டுவந்து, பலகையில் முழங்கை ஊன்ற வைத்தேன். கெண்டைக்காலில் தைலம் தேய்த்து அழுத்தினேன். கத்தினார்.

"கத்துங்க, பரவால்ல. உக்காராதீங்க. இந்தக் கால், அப்புறம் அந்தக் கால். மாத்தி மாத்தி."

நண்பர் அவர் கையில் மோரைக் கொடுத்து, "இப்ப நீங்களும் குதிரதான் தம்பி" என்றார். வலியிலும் தலைவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கால் விட்டது. நடந்தார். ஈப்போ போய்ச் சேர்ந்து, அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். "வந்து சேந்துட்டேண்ணே" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அடுத்த கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். "நான் அனுபவப்பட்டுச் சொல்றேன், நடக்கிறவங்க நின்னுதான் சாப்பிடணும்" என்று தொடங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மண்டபத்துக்குள் எவர்சில்வரில் நீள மேடை வந்துவிட்டது. அதே உயரம். அதே தாழ்ந்த முனை. கால் வைக்க அதே கட்டை. சுவரில் ஒரு பித்தளைத் தகடு: "நின்று உண்ணும் மேடை. ஆலய நிர்வாகத்தின் புதிய ஏற்பாடு."

எது புதியது? எவர்சில்வர்தான் புதியது.

தலைவரிடம் நேராகக் கேட்டேன். "அண்ணே, கோயில் காரியத்துல பேரு எதுக்கு? சாமிக்குத் தெரியும்லா" என்றார்.

சாமிக்குத் தெரியும். அப்படியானால் கல்லில் வெட்டிய பெயர்களும் சாமிக்குத் தெரியாமலா இருக்கின்றன? பணம் கொடுத்தவர்களை மனிதர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், யோசனையும் மரமும் கொடுத்தவர்களை மட்டும் சாமி தெரிந்துகொண்டால் போதும் என்பது என்ன நியாயம்? தன்னடக்கம் எனக்குப் பழக்கமில்லை. தன்னடக்கமாக இருந்திருந்தால் நான் இன்னும் வாளையும் உளியையும் வைத்துக்கொண்டு இரவல் மோட்டார்சைக்கிளில்தான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தமாட்டேன். சண்டை கமிட்டியோடுதான், நடக்கிறவர்களோடு இல்லை. ஆனால் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்குள் கழற்ற வேண்டும். ஆள் இல்லை என்றால் பட்டறையிலிருந்து நானே அனுப்புகிறேன். புதுத் தகட்டில் இதை யோசித்தவள் என் மனைவி என்று அவள் பெயர் வரவேண்டும். செய்தவன் நான் என்று என் பெயர் வரவேண்டும். முதல் பலகை எங்கள் லயத்து மரத்தில் செய்தது என்றும் எழுத வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கஞ்சி குடிப்பவர் நின்ற இடத்திலிருந்தே படிக்க வேண்டும்.