நிழலுக்கு வைத்த வேம்பு

சேக்காட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப். ஸ்டாப் என்று பெயர்தான். ரோட்டை அகலப்படுத்தும்போது இடித்த நிழற்குடையை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஒரு கத்திரி வெயில் மத்தியானம், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்டுக்குப் போக என் வீட்டுக்காரர் அங்கே நின்றிருந்தார். பஸ் வரவில்லை. நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது, வெயில் முடித்துவிட்டது என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பியபோது அதே ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டியிருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷன் பஸ்ஸுக்கு நிற்க நிழல் இல்லை, இதெல்லாம் ஒரு ஊரா என்று. நிழற்குடை கேட்டு நான் போகாத ஆபீஸ் இல்லை. பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சரி, நீங்கள் கிழித்தது போதும், நானே மரம் வைத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அவர் விழுந்த இடத்தில் இன்னொருவர் விழக்கூடாது. என் மனதில் இருந்தது இவ்வளவுதான்.

வேப்பங்கன்று ஒன்றை வாங்கி வந்து நட்டேன். கடப்பாறை கொடுத்ததும் டீக்கடைக்காரர்தான்.

“இன்னாத்துக்கு யக்கா இந்த வேல? இந்த மண்ணுல முள்ளுகூட மொளைக்காது” என்றார். ஆனாலும் என் குடத்துக்கு அவர் கடைக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் கன்றை மாடு தின்றது. இரண்டாவதைச் சுற்றி முள் வைத்தேன், மாடு வரவில்லை, மனுஷன் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆண்களுக்கெல்லாம் அந்த இடம்தான் ஒதுங்கக் கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றாலும் கூச்சம் கிடையாது. கேட்டால், “உன் ஊட்டு மரமா?” என்பான். மூத்திர உப்பில் கன்று கருகிப்போனது. மூன்றாவதை நட்டபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் காம்பவுண்டுச் சுவரில் யாரும் ஒதுங்காமலிருக்க சாமி படம் போட்ட டைல்ஸைப் பதிப்பார்கள். போலீஸுக்குப் பயப்படாதவன் அதற்குப் பயப்படுவான். நான் ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கன்றின் காலடியில் நிறுத்தினேன். தண்டில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினேன். அன்றோடு அந்த இடம் காய்ந்தது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் புத்தியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

மரம் வந்தது. மழையில்லாத மாதமெல்லாம் குடம் தூக்கினேன், முட்டி போனது, விடவில்லை. கிளை ரோட்டுப் பக்கம் சாய்ந்து குடை மாதிரி விரிந்தது. ஒரு சித்திரை மத்தியானம் லீவு போட்டுவிட்டு, வேலை எதுவும் இல்லாமல், அந்த ஸ்டாப்பில் போய் நின்றேன். கம்பெனி சட்டை போட்ட ஒருவர் சாப்பாட்டுப் பையோடு நிழலில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் தாமதமாகத்தான் வந்தது. நின்றார், ஏறினார், போனார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

அதற்குள் என் செங்கல்லுக்கு யாரோ பூ வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு எலுமிச்சம்பழம், விளக்கு. ஒரு ஆடியில் கூழ் ஊற்றினார்கள், நானும் வாங்கிக் குடித்தேன். சாமி இல்லை என்கிற ஆள் இல்லை நான். மாங்காட்டு அம்மனுக்கு வாரம் தவறாமல் போய் வந்தவள். அடுத்த ஆடிக்குள் டீக்கடைக்காரர் தலைமையில் கமிட்டி அமைந்துவிட்டது. சுற்றி மேடை, கம்பிக் கதவு, மேலே தகரக் கூரை. கூரை போட இடைஞ்சலாக இருக்கிறதென்று ரோட்டுப் பக்கத்துக் கிளைகளை வெட்டக் கத்தியோடு வந்து நின்றார்கள்.

வேலைக்குப் போகாமல் ஓடினேன். “நான் வச்ச மரம். ஜனங்க நிக்கிறதுக்கு வச்சது. கிளையில கை வைக்காதீங்க” என்றேன்.

“யக்கா, நீ வச்சேன்னு சொல்லாத. ஆத்தா உன் கைய புடிச்சி வச்சிக்கினா” என்றார் டீக்கடைக்காரர். “மொத மஞ்ச பூசுனது யாரு, நீதான? அப்ப உனக்குத் தெரிஞ்சிதான கீது? பூ போட்டு உத்தரவு கேட்டுட்டோம். ஆத்தா குடுத்துட்டா.”

என்னத்தைச் சொல்ல? மூத்திரத்துக்குப் பயந்து வைத்த செங்கல் அது என்று, கற்பூரத் தட்டோடு நிற்கிற பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கிளை ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தது.

கும்பாபிஷேகத்தன்று கோபத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு பழைய பிளாஸ்டிக் குடத்திலேயே தண்ணீர் கொண்டுபோனேன். எப்படியோ போகட்டும், வேருக்கு என் கையால் ஒரு குடம் ஊற்றிவிடலாம் என்றுதான். டீக்கடைக்காரர் புது வேட்டியில் வாசலில் நின்றிருந்தார். அத்தனை வருஷம் என்னை நீ என்று கூப்பிட்டவர் அன்று நீங்க என்றார்.

“தப்பா நெனைக்காதீங்க யக்கா. மொத தண்ணி சுமங்கலிங்க ஊத்துறதுதான் முறை. நீங்க கொஞ்சம் அப்பால நின்னுக்கினு பாருங்க.”

என் வீட்டுக்காரரை மடியில் தாங்கிக்கொண்டு போனவர் இவர். நான் சுமங்கலி இல்லை என்று எனக்கும் முன்பே தெரிந்தவர். வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்று பார்த்தேன். குடத்துத் தண்ணீரை ரோட்டோரம் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது காலைப் பூஜை முடிந்ததும் கம்பிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். தகரத்தின் நிழல் மேடையைத் தாண்டி வெளியே வருவதில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் கோயில்தான் தெரியும், மரம் தெரியாது. போர்டில் சுயம்பு என்று எழுதியிருக்கிறது. மரம் தானாகத் தோன்றியதாம்.

போன மாதம் ஸ்டாப்பில் என் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். புதிதாகக் குடிவந்தவள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. துப்பட்டாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, “இங்க ஒரு மரம் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்ல ஆன்ட்டி? யாருக்கும் தோணல பாருங்க” என்றாள்.

“வைம்மா” என்றேன். “வச்சா அதுல மஞ்சத் துணி எதையும் கட்டிடாத.”

அவளுக்குப் புரியவில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு இருவரும் வெயிலில் நின்றோம்.