சிவப்பாக எரிந்த டார்ச்

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய புடவைகளுக்கு அடியில், ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. வயரிங் வேலைக்குச் சுவரில் பதிப்பார்களே, அந்தக் குழாய். ஒரு முனையில் பழைய டார்ச்சிலிருந்து கழற்றிய வாய், அதன் நடுவே பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு எல்.இ.டி. பக்கவாட்டில் ஓர் அழுத்து சுவிட்ச். வீடு மாற்றும்போதெல்லாம் என் கணவர் அதைத் தூக்கிக் காட்டி "இதுவுமா?" என்பார். இதுவும்தான் என்று பிடுங்கிப் பெட்டிக்குள் வைப்பேன். செய்தவர் எங்கள் நைனா, என் அப்பா. அதை மறுபடி எரிய வைத்துப் பார்க்கப் பல வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை.

நைனா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் அதை இழுத்து மூடினார்கள். அதே சமயத்தில்தான் எனக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை கிடைத்தது. வீட்டில் சம்பளம் என்றால் இனி என் சம்பளம்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தனக்குத்தானே இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டார். மதியம் ரயிலேறி வந்து ஆபீஸ் வாசலில் என் சாப்பாட்டுக் கூடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து காலடிப்பேட்டை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போக வருவார். வழியில் ஒரு சந்து, அதில் தெருவிளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போவது போலத் தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டுதான் இரண்டுக்கும் கிளம்புவார்.

சந்துக்காக அவர் வைத்திருந்த பழைய டார்ச் பல்பு பல்பாகத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் பர்மா பஜாரில், கப்பலில் வந்த சரக்கு என்று, எல்.இ.டி. போட்ட டார்ச் ஒன்றைப் பார்த்தார். வாங்கவில்லை. கையில் வாங்கித் திருகிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா கீது? நானே செய்வேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழிற்சாலை மூடிய பிறகு அவர் குரலில் அந்த மிடுக்கைக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அரைநாள் லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை, இருவரும் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம்.

அங்கே ஒரு கடையில் நைனா கேள்வி கேட்பார், கடைக்காரர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். நான் ஆபீஸ் புடவையில் ஹேண்ட்பேகோடு இருந்தேன், நைனா கைலியில் இருந்தார், அவ்வளவுதான் காரணம். எனக்குச் சுருக்கென்றது. நைனா அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்றின் சத்தம் பிடித்திருந்தது, அதை எடுத்துக்கொண்டார். "மூணு பென்சில் செல்லு, வெள்ளை எல்.இ.டி. அதுக்கு எந்த ரெசிஸ்டர்?" என்று கேட்டார். செல்லின் மின்சாரம் முழுதும் பாய்ந்தால் எல்.இ.டி. கருகிவிடும், நடுவில் தடுக்க ரெசிஸ்டர் வேண்டும். கடைக்காரர் வெள்ளைக்கு ஏற்ற ரெசிஸ்டரைச் சரியாகவே எடுத்துக் கொடுத்தார். எல்.இ.டி.யை மட்டும், "தட்டுல கீது, நீங்களே எடுத்துக்கங்கம்மா" என்றார், என்னிடம்.

தட்டில் சின்னச் சின்ன அறைகள். மாதுளை முத்து போலச் சிவப்பு ஒன்றில், பச்சை ஒன்றில், மஞ்சள் ஒன்றில். இன்னொன்றில் நிறமே இல்லாமல், தண்ணீர் மாதிரித் தெளிவாக. நிறமில்லாததுதான் வெள்ளை என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் முடிவுக்கு வந்தோம். எல்.இ.டி.க்கு நிறம் மேலே இருக்கும் மூடியில் இல்லை, உள்ளே இருக்கிற துளியில் இருக்கிறது என்பதும், தெளிந்த மூடிக்குள் எந்த நிறமும் இருக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. விலை அத்தனை மலிவாக இருந்ததற்குச் சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

மறுநாள் முழுக்க ஈயம் உருக்கும் வாசனை வீட்டில். கடைசியில் நைனா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து சுவிட்சை அழுத்தினார். பளீரென்று சிவப்பு. அம்மா சிரித்துவிட்டாள். "இன்னாயா இது, சாமி படத்துக்கா?" நைனாவின் முகம் ஒரு நொடி விழுந்து, எழுந்தது. "செவப்பா இருந்தா இன்னா? வெளிச்சம் வெளிச்சம்தானே" என்றார். உண்மையில் அது அளவுக்கு மீறி எரிந்தது. வெள்ளைக்குக் கணக்காக வாங்கிய ரெசிஸ்டர் சிவப்புக்குப் போதாது. இது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு, நைனாவின் கைவேலை அவ்வளவு ஜோர் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும் நேரம். ரயில் திருவொற்றியூர் ஸ்டேஷனை நெருங்குகையில் திடுமென்று பிரேக் போட்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு மீன்காரம்மாவின் அன்னக்கூடை கவிழ்ந்தது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன் கத்தினான்: "எவனோ கெயவன் செவப்பு லைட்டு ஆட்டிகினு கீறான்பா!" எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் கரண்ட் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி எனக்காக வழக்கமாக நிற்கும் சுவர் இடுக்கில், தான் வந்திருப்பது எனக்குத் தெரியட்டும் என்று நைனா புது டார்ச்சைத் தூக்கி ஆட்டியிருக்கிறார். தண்டவாளத்தருகே சிவப்பு விளக்கு ஆடினால் எந்த டிரைவர்தான் நிறுத்தமாட்டார்?

நான் இறங்கிப் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. என் ஆபீஸ் ஆட்கள் இருவர்கூட அதில் இருந்தார்கள். ரயில்வேக்காரர் ஒருவர் நைனாவின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனதும், "இன்னாம்மா, உனுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது சார். ரயில்ல வந்த பொண்ணு. நீ போம்மா, வூட்டுக்குப் போ."

தடுமாறாமல் சொன்னார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். கேட்ட ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ரயில்வேக்காரர் உடனே என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டார். என் புடவையையும் அவர் கைலியையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொய் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. எங்களைப் பார்த்தால் அப்பனும் மகளும் என்று யாருக்கும் தோன்றவில்லையே என்ற வெட்கம்.

"எங்க நைனா சார்" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கத்தியே சொன்னேன். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை அவ்வளவு திட்டு வாங்கியும் நிமிர்ந்து நின்றவர் அவர். ஸ்டேஷன் அறையில் உட்காரவைத்து, "பொண்ணு மூஞ்சிக்காக வுட்றேன்" என்று அனுப்பினார்கள். செல்களைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, வெறும் குழாயை என் கையில் கொடுத்தார்கள். இருட்டுச் சந்தில் நடக்கும்போது நைனா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சொல்லாம இருந்திருக்கலாம் கண்ணு. நாளைக்கு உன் ஆபீஸ்காரங்க மூஞ்சில நீதான முழிக்கணும்."

மறுநாளிலிருந்து ஸ்டேஷனுக்குள் வரமாட்டார். டீக்கடையோரம் நிற்பார். நான் தாண்டிப் போனதும் பின்னாலேயே, பத்தடி விட்டு வருவார். அருகே வரச் சொன்னால், "நட, நட, வர்றேன்" என்பார். கோபமாக்கும் என்று நினைத்தேன். மதியச் சாப்பாடு மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

அவர் போய்ச் சேர்ந்தது பல வருடம் கழித்து. ஆபீசிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களோடு ரிட்டயரான எங்கள் பழைய வாட்ச்மேனும் வந்திருந்தார். மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவரா மேடம் உங்க அப்பா? உங்க பக்கத்து வூட்டுக்காரருன்னு சொல்வாரே. 'அந்தப் பொண்ணோட அப்பா ஃபேக்டரில வேலைல கீறாரு, அவரால வர முடியாது, அதான் நான் கொண்ணாறேன்'னுவாரு."

அன்றைக்கு ரயிலடியில் அந்தப் பொய் ஏன் தடுமாறவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தினமும் மதியம் ஆபீஸ் வாசலில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் அது. அதே ஆபீஸின் மாடியில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த சோற்றை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரியம் முடிந்த வாரம் மூன்று பென்சில் செல் வாங்கிப் போட்டு அழுத்தினேன். எரிந்தது. உள்ளங்கை முழுக்க அதே சிவப்பு. இன்று எல்லோர் போனிலும் வெள்ளை வெளிச்சம் இருக்கிறது, இது யாருக்கும் தேவையில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எங்க நைனா செஞ்சது என்று. அன்றைக்கு ஒருமுறை சொன்னது போதவில்லை.