ஏலத்தில் எடுத்த கார்

தவணை கட்டாதவர்களிடமிருந்து பறிமுதல் செய்த கார்களை எங்கே ஏலம் விடுகிறார்கள் என்று நானும் தம்பியும் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக விசாரித்து அலைந்தோம். கடைசியில் பாலக்கரையில் ஒரு லாரி ஷெட்டில் கறுப்பு அம்பாசடர் ஒன்றை ஏலத்தில் எடுத்தோம்.

தம்பி வண்டியைக் கிளப்பும்போது ஒருவர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். வண்டியைப் பறிகொடுத்தவர் அவர்தான் என்று யாரோ சொன்னார்கள்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"ஸ்ரீரங்கம்" என்றான் தம்பி.

"நானும் அங்கதான். இறக்கி விட்டுடுங்க."

பின்சீட்டில் ஏறிக்கொண்டார். காவிரிப் பாலம் தாண்டும்வரை, என்ன செய்யப்போகிறாரோ என்று கண்ணாடியில் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தெருமுனை வந்ததும் தம்பியின் தோளைத் தொட்டார்.

"இங்கேயே நிறுத்துங்க. வாசலுக்குப் போனா, வண்டி திரும்பி வந்துடுச்சுன்னு பசங்க ஓடி வருவாங்க."

இறங்கி நடந்தார். தம்பியிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனோம்.