பந்து விழாதபோதும் ஒரு கை

போன வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், சென்னையில் ஒரு போட்டியின் நடுவில் என் இடது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தோடு துள்ளி இறங்கினேன், அவ்வளவுதான். சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நான் ஜெனி. பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த கூடைப்பந்துதான் என்னை மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தது. பிறகு சென்னையில் சம்பளத்துக்கு ஆடும் ஓர் அணியில் வேலையும் வாங்கிக் கொடுத்தது. வருடா வருடம் ஒப்பந்தம். ஆடினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சேலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்ப ஆட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நடக்கலாம், ஓடலாம். ஆடறது போகப் போகத்தான் தெரியும்மா" என்றார்.

முதலில் அணித் தோழிகள் தினமும் போன் செய்தார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு அணியின் வாட்ஸாப் குழு மட்டும்தான் பேசியது. எத்தனை மணிக்குப் பஸ் கிளம்பும், எந்த ஜெர்சி கொண்டுவர வேண்டும். அதில் ஒன்றும் எனக்கானது இல்லை. ஆனாலும் குழுவிலிருந்து வெளியேற மனம் வரவில்லை.

ஈஸ்டருக்கு ஊன்றுகோலோடு கோவிலுக்குப் போனேன். சின்னம்மா என் காதுபடவே சொன்னார்: "பந்து வெளாண்டு கால ஒடச்சிகிட்டு வந்து உக்காந்துட்டா. இனி எவன் வந்து கட்டுவான்?"

அம்மா சும்மா இருக்கவில்லை. "உனக்குந்தான் ரெண்டு முட்டியும் வலிக்குது. உன்னைக் கட்டுன மனுசன் வுட்டுட்டா ஓடிட்டாரு?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் காலையில் எல்லோரும் தோட்டத்துக்குப் போனதும் வீடு காலியாகிவிடும். வடக்கே போகிற ரயில் வண்டிகளின் சத்தம் கேட்கும். எது சென்னைக்குப் போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். அப்போது அழுவேன்.

இயந்திரம் நின்றுவிட்டால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசை போடச் சொல்லிக்கொடுத்த படிப்பு என்னுடையது. செபமும் அப்படித்தான் செய்தேன். தினமும் மாலையில் மாதா கெபிக்கு, அதாவது மாதா சுரூபம் வைத்த சின்னக் கல்குகைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று காரியங்கள் கேட்பேன். ஒன்று, கால் சரியாக வேண்டும். இரண்டு, அணி என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று, சின்னம்மா கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. வரிசை மாறாமல் சொல்லிவிட்டு எழுந்து வருவேன்.

ஆடி மாதத்தில், குதிக்காமல் நின்ற இடத்திலிருந்து பந்து போடலாம் என்று பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளி மைதானத்தைப் பயன்படுத்திக்கொள்ள சிஸ்டர் சம்மதித்தார். தனியாகப் பந்து போடுவது எப்படிப்பட்டது என்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும். போட்ட பந்தை நீங்களே நொண்டி நொண்டிப் போய் எடுத்துவர வேண்டும். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து, அம்மா என் அண்ணியைத் துணைக்கு அனுப்பினார்.

அண்ணியின் பெயர் பிலோமினா. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் பேசுவது கன்னடம். அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி தமிழும் கன்னடமும் கலந்து பேசினால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்போம். கேலியாகத்தான். நாளாக நாளாக அண்ணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பந்து உருண்டு வந்தால் செங்கல் கைமாற்றுவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் போடுவார். நான் நன்றி சொல்வேன். அதற்குமேல் பேச்சில்லை. திரும்பும் வழியில் நான் கெபிக்கு முன்னால் உட்காரும்போதும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்ட் முடியும்போது அணி மேலாளர் போன் செய்தார். "டிசம்பர்ல டிரையல்ஸ் இருக்கு. வந்து ஆடிக் காட்டு. பாக்கலாம்." அன்றைக்கே குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. என் எண் போட்ட ஜெர்சியில் வேறு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கெபிக்கு முன்னால் என் மூன்று காரியங்களும் வாயில் வரவில்லை. "யாராவது ஒருத்தர் கூட இருக்கணும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மைதானத்தில் வழக்கம்போல ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தேன். எதிரணி தவறு செய்தால் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு அது. கோட்டில் தனியாக நின்று கூடையைப் பார்த்துப் போட வேண்டும். தடுக்க யாரும் வரமாட்டார்கள். திடீரென்று அண்ணி கேட்டார்: "பாப்பா, பந்தப் போட்டுட்டுப் போட்டுட்டு யாருக்குக் கை நீட்டற? எனக்குத் தெரியாம அங்க எவனாச்சும் நிக்கறானா?"

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் என் வலது கை காற்றில் நீண்டு, யாருக்காகவோ காத்திருந்து, பிறகு இறங்கியது. கூடைப்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி ஃப்ரீ த்ரோ போட்டதும் அவள் அணியினர் வந்து அவள் உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக நீண்டிருக்கிறது. அண்ணிக்கு விளக்கினேன்.

"பந்து உள்ள வுழலைன்னாலும் தட்டுவாங்களா?"

"வுழலைன்னாத்தான் அண்ணி கட்டாயம் தட்டணும்."

பந்தை எடுத்து என்னிடம் போட்டார். பிறகு சொன்னார்: "நல்ல பழக்கம். நம்ம வூட்ல கொழம்புல உப்பு கொறஞ்சாகூட இப்பிடி யாராச்சும் வந்து தட்டுனா நல்லாருக்கும்."

எனக்கு முகம் சுட்டது. பந்தைப் போட்டேன். விழவில்லை. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். என் உள்ளங்கையில் பட்டென்று ஒரு தட்டு. "ஹோக்லி பிடு" என்றார். கன்னடத்தில் 'போகட்டும் விடு' என்று பொருள். அவர் முகமே மலர்ந்துவிட்டது. அந்த மொழியில் அவர் பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அன்றிலிருந்து மார்கழி வரை தினமும் வந்தார். பந்தை எடுத்துத் தருவார், கையைத் தட்டுவார், திட்டவும் செய்வார். "இவ்ளோ பெரிய வளையத்துல போடத் தெரில, உனக்குச் சம்பளம் வேற!" நான் கன்னடம் கற்றுக்கொண்டேன். சமையலறையிலும் நாங்கள் இருவரும் அதில் பேச ஆரம்பித்தோம். அம்மா முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவரே குழம்பை ருசி பார்த்துவிட்டு "ஹோக்லி பிடு" என்று உப்பை அள்ளிப் போட்டார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் பொம்மிடியில் ரயில் ஏறினேன். அண்ணி நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்.

டிரையல்ஸில் எல்லோரும் எல்லோருக்கும் போட்டி. என் பழைய தோழிகளில் பாதிப் பேர் அங்கே இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. என் கை நீண்டது. யாரும் வரவில்லை. அந்தப் பெரிய அரங்கத்தில் அவ்வளவு தனிமையை நான் உணர்ந்ததே இல்லை. ஆனால் உள்ளங்கையில் அந்தத் தட்டு இன்னும் மிச்சமிருந்தது. "ஹோக்லி பிடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது உள்ளே விழுந்தது.

சற்று நேரத்தில், என் எண்ணை அணிந்திருந்த அந்தப் பெண் கோட்டுக்கு வந்தாள். தவறவிட்டாள். அவள் கையும் நீண்டது. யாரும் அசையவில்லை. அவள் எடுக்கும் இடம் என் இடம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கால் என்னை அவளிடம் கொண்டுபோனது. கையைத் தட்டினேன். விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

மாலையில் பயிற்சியாளர் கூப்பிட்டார். "முட்டி இன்னும் முழுசா வரலை. வந்துரும். சேர்ந்துக்கோ." அவளையும் எடுத்திருந்தார்கள். எனக்கு வேறு எண் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெபிக்கு முன்னால் "யாராவது ஒருத்தர்" என்று கேட்டதையும் சொன்னேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"நீ கெபிக்கு வர்றப்பெல்லாம் நானும் பின்னாடி உக்காந்திருப்பேன்ல? உனக்குக் காவலுக்குன்னு நெனச்சியா பாப்பா? இந்த வூட்ல எங்கூடப் பேச ஒரு ஆள் குடு மாதாவேன்னு நானும் அதையேதான் கேட்டுகிட்டிருந்தேன்."

 அத்தனை மாதம் ஒரே கெபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, ஒரே வீட்டைச் சேர்ந்த நாங்கள் இருவரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கடைசியில் ஒரே செபத்தைத்தான் சொல்லியிருக்கிறோம். எனக்குப் பதில் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். அண்ணி கேட்ட பதில் நான்தான் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

சென்னை விடுதியில் இன்னமும் சில மாலைகள் நீளமாகத்தான் இருக்கின்றன. முழங்காலில் பட்டை இருக்கிறது. சின்னம்மா இன்னும் மாப்பிள்ளை பார்க்கிறார். ஆனால் செபிக்க உட்காரும்போது இப்போது என் காரியங்களைக் கடைசியில் வைக்கிறேன். முதலில், இன்று யார் கை காற்றில் நிற்கிறது என்று காட்டும்படி கேட்கிறேன். தினமும் யாராவது கண்ணில் படுகிறார்கள்.

தனிமையில் இதைப் படிக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார், நான் சாட்சி. கேட்டுவிட்டு எழும்போது, பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.